நுவரெலியாக் குளிரில் எந்த அரிசியை எதற்குப் போடுவது

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். விறகை எவ்வளவு தள்ளினாலும் திறந்த பானையில் அதற்குமேல் சூடு ஏறாது. கொழும்பில் எங்க அக்கா 20 நிமிடத்தில் வடித்துவிடும் நாட்டரிசி, என் அடுப்பில் அரைமணிக்கு மேல் கேட்கும். கலியாணமாகி வந்த புதிதில் இது தெரியாமல் நடுவில் விதை விதையாய் நின்ற சோற்றை மாமனாருக்குப் போட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தது இன்னும் மனதில் இருக்கிறது. அன்றிலிருந்து அரிசியை அரைமணி ஊறவைத்துத்தான் உலை வைக்கிறேன்.

அன்றாடச் சோற்றுக்கு நாட்டரிசி. நெல்லையே புழுக்கிக் குத்துவதால் குழையாது. ஆனால் தேயிலை மலைக்குக் கொண்டுபோகும் பார்சல், குளிரில் மத்தியானத்துக்குள் விறைத்துவிடும். வீட்டில் சாப்பிட ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் வைத்தால், கொழுந்து எடுக்கப் போகிறவர்களுக்கு மூன்று வையுங்கள். சற்றுக் குழைந்து இறக்கினால்தான் பசிக்கிற நேரத்தில் பதமாக இருக்கும்.

கீரிச் சம்பா விருந்தாளி வந்தால்தான். மணி சின்னது, விலை கூட. நெய்ச்சோற்றுக்கு அதைவிட எனக்கு வேறொன்றும் பிடிக்காது. கிண்டாமல் மூடிவையுங்கள்.

என் கை அதிகம் போவது சிவப்புப் பச்சரிசிக்குத்தான். நான்கு மணிநேரம் ஊறவைத்து, வடித்து, இடித்து, அரித்து, மணம் வரும்வரை வறுத்தால் இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் மா தயார். இடியப்பத்துக்குக் கொதிநீர் விட்டுக் குழைக்க வேண்டும். பிட்டு மாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, பிடித்தால் பிடிபட்டு உதிர்த்தால் உதிர வேண்டும்.

பாற்சோற்றுக்கும் தைப்பொங்கலுக்கும் இதே அரிசிதான். இதில் அவசரம் கூடவே கூடாது. பாற்சோற்றுக்கு அரிசி நசுக்கினால் மசியும்வரை தண்ணீரிலேயே வேகட்டும். அதன் பிறகே உப்புப் போட்ட தேங்காய் முதற்பால். பொங்கலிலும் அப்படித்தான்: பால் பொங்கி வழிந்ததும் அரிசியும் பயறும் போட்டு, இரண்டும் நன்றாக வெந்த பின்தான் சர்க்கரை. முந்திப் போட்டால் அரிசி அப்படியே விறைத்துப்போகும், பிறகு எவ்வளவு நேரம் எரித்தாலும் இளகாது. அன்று சூரியனுக்குப் படைக்கிற பொங்கல், அதனால் நான் விடிய மூன்று மணிக்கே அடுப்பை மூட்டிவிடுவேன்.

தோசைக்கு வெள்ளைப் பச்சரிசி மூன்று பங்கு, உளுந்து ஒரு பங்கு, ஒரு பிடி நாட்டரிசி. அரைப்பது சுலபம், புளிக்கவைப்பதுதான் பாடு. தை மாதக் குளிரில் இரவு முழுக்க வெளியே வைத்தாலும் மா அசையாது. சட்டியைத் துணியால் சுற்றி, இரவுச் சமையல் முடிந்த அடுப்பின் ஓரத்தில், சாம்பல் சூடு படுகிற மாதிரி வையுங்கள். காலையில் மூடியைத் தொட்டுக்கொண்டு நிற்கும்.