நோயாளியின்ர கலத்தில இருந்து மூளை நோயைப் படிக்கிறது எப்பிடி

திருமலையில ஏ.எல் பயோ செய்யிற பிள்ளையள் அடிக்கடி கேக்கிற கேள்வி, உயிரோட இருக்கிற ஆளின்ர மூளையை வெட்டிப் பாக்கேலாது தானே, பிறகு எப்பிடி ஆராய்ச்சி செய்யிறாங்கள் எண்டு. தோலில 3, 4 மில்லிமீற்றர் துண்டு, இல்லாட்டி கொஞ்சம் இரத்தம் போதும், அந்தக் கலத்தில இருந்து நியூரோனை, அதாவது மூளையின்ர நரம்புக் கலத்தை, ஆய்வுகூடத்தில வளத்துப் பாக்கலாம்.

நெறிமுறைக் குழுவின்ர அனுமதி எடுத்திட்டு முதல்ல குடும்பத்தோட இருந்து கதையுங்கோ. இங்கிலீஷ் படிவத்தில கையெழுத்து வாங்கினா காணாது, நிலாவெளியில இருக்கிற ஒரு அம்மாவுக்கு தன்ர பிள்ளையின்ர கலம் வருசக்கணக்கா உறைய வச்சிருக்கப் போகுது, வேற ஆய்வுகூடத்துக்கும் போகலாம், இதால பிள்ளைக்கு உடன சுகம் வராது எண்டதெல்லாம் தமிழில வடிவா விளங்கோணும். இந்த இடத்தில அவசரப்படவே கூடாது.

பிறகு அந்தக் கலத்தை ஸ்டெம் செல்லா, அதாவது உடம்பின்ர வேற வேற கலமா மாறக்கூடிய கலமா மாத்தோணும். ஜப்பான் விஞ்ஞானி ஷின்யா யமனாக்கா 2006ல எலியிலயும் 2007ல மனுசக் கலத்திலயும் நாலு ஜீனை வச்சு செய்து காட்டினவர், 2012ல நோபலும் கிடைச்சது. இப்ப கனபேர் சென்டாய் வைரஸாலதான் ஜீனை உள்ள அனுப்பினம், ஏனெண்டா அது எங்கட டிஎன்ஏக்குள்ள போய் ஒட்டாது.

இந்தக் கலங்களை இன்கியுபேட்டரில 37 பாகை செல்சியஸ், 5 வீதம் காபனீரொட்சைட்டில வச்சிருக்கோணும், கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் மீடியம், அதாவது கலம் வளர்ற சத்துத் திரவம், மாத்தோணும், இன்கியுபேட்டருக்கு ஜெனரேட்டர் இல்லாம தொடங்கவே வேணாம். மைக்கோபிளாஸ்மா எண்ட பக்டீரியா தொத்தியிருக்கோ எண்டு பாக்கிற டெஸ்ட், நிறமூர்த்தம் பிழைச்சிருக்கோ எண்டு பாக்கிற டெஸ்ட் ரெண்டையும் இடைக்கிடை செய்யுங்கோ.

நியூரோனா மாத்த ரெண்டு வழி. கலத்தை நியூரோனாக்கிற என்ஜிஎன்2 எண்ட ஜீனைக் குடுத்தா ரெண்டு மூண்டு கிழமையில நியூரோன் வரும், சிக்னலைத் தடுக்கிற சின்ன மூலக்கூறுகளால போனா மாசக்கணக்கு எடுக்கும், ஆனா வளர்ச்சிப் படியளைப் பாக்கலாம். 2013ல வந்த மூளை ஓர்கனோயிட், அதாவது ஸ்டெம் செல்லில இருந்து வளக்கிற குட்டி மூளை மாதிரி, சில மில்லிமீற்றர் உருண்டைதான், இரத்தக்குழாய் இல்லாததால பெருசானா நடுப்பகுதி செத்துப்போகும்.

இனி முக்கியமான விசயம், கொன்ட்ரோல், அதாவது ஒப்பிட்டுப் பாக்க வச்சிருக்கிற கலம். நோயாளியின்ர நியூரோனை ஆரோ ஒரு சுகமான ஆளின்ரயோட ஒப்பிட்டா, தெரியிற வித்தியாசம் நோயாலயா இல்ல ரெண்டு மனுசருக்கு இடையில எப்பவும் இருக்கிற வித்தியாசமா எண்டு பிரிக்கேலாது. அதால அதே நோயாளியின்ர ஸ்டெம் செல்லில கிரிஸ்பர் எண்ட ஜீன் திருத்திற கருவியால விகாரத்தை (நோயைக் குடுக்கிற ஜீன் மாற்றத்தை) திருத்தி, திருத்தினதையும் திருத்தாததையும் பக்கத்தில பக்கத்தில வளருங்கோ. ஒரு குளோனை, அதாவது ஒரே கலத்தில இருந்து பெருகின கூட்டத்தை, மட்டும் நம்பாதேங்கோ, ஏலுமெண்டா நோயாளிகளும் ஒண்டுக்கு மேல வேணும்.

மூளை வளர்ச்சியைப் பாதிக்கிற ரெட் சின்ட்ரோம் மாதிரி சின்ன வயசிலயே தொடங்கிற, ஒரு ஜீனால வாற நோய்க்கு இந்த முறை நல்லாப் பொருந்தும். பார்கின்சன், அல்சைமர் எண்டா கவனம், ஸ்டெம் செல்லா மாறேக்க கலத்தின்ர வயசு அழிஞ்சுபோகும், வாற நியூரோன் கருவில இருக்கிற பிள்ளையின்ர மாதிரித்தான் இருக்கும். வயசு முக்கியமெண்டா ஸ்டெம் செல் கட்டத்தை விட்டிட்டு தோல் கலத்தை நேரா நியூரோனா மாத்துங்கோ, அப்ப வயசின்ர அடையாளம் கனக்க மிஞ்சும்.