வன்னியில் பெர்மிட் இல்லாத அரச காணியை ஒழுங்குபடுத்துவது எப்படி?

நாங்கள் குடியிருக்கும் அரை ஏக்கருக்கு அம்மாவின் பெயரில் பெர்மிட், அதாவது அரச காணியில் குடியிருக்க அரசு தரும் அனுமதிப் பத்திரம், கிடைத்துவிட்டது. அதைக் கேள்விப்பட்ட நாள் முதல் ஊரில் பலர் "எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்தால் எல்லாருக்கும் உதவும்.

தாத்தா குடும்பம் மலையகத் தோட்டம் ஒன்றிலிருந்து 1977 வன்செயலுக்குப் பிறகு கிளிநொச்சிக்கு வந்தது. காடு வெட்டி, கிணறு தோண்டி, தென்னை வைத்துக் குடியேறினார்கள். பெர்மிட் ஏன் அப்போதே எடுக்கவில்லை என்று சிலர் கேட்பார்கள். இலங்கைப் பிரஜையாக இருந்தால்தான் அரச காணிக்குப் பெர்மிட் கொடுப்பார்கள். மலையகத் தமிழரிடமிருந்து 1948இல் பறிபோன பிரஜாவுரிமை, 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே வசித்தவர்களுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் முழுமையாகத் திரும்பி வந்தது. அதுவரை எங்களைப் போன்ற குடும்பங்கள் விண்ணப்பம் கொண்டுபோகவே வழி இருக்கவில்லை. ஆகவே "அத்துமீறிக் குடியிருப்போர்" என்று பட்டியலில் எழுதியிருப்பதைப் பார்த்து யாரும் தலைகுனிய வேண்டாம்.

படி 1: காணி யாருடையது என்று முதலில் பாருங்கள்

அரச காணியா, தனியார் காணியா, வன இலாகாவின் காணியா, குளத்துக்கோ வீதிக்கோ என்று ஒதுக்கி வைத்த காணியா (குளத்து ஒதுக்கு, வீதி ஒதுக்கு)? கிராம அலுவலரிடம் கேட்டுவிட்டு, பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போய் வரைபடத்தில் உங்கள் துண்டு இலக்கத்தைக் கேளுங்கள். குளத்து ஒதுக்கிலோ வீதி ஒதுக்கிலோ பெர்மிட் கேட்டு அலைவது வீண். அந்த இடத்தில் இருப்பவர்கள் மாற்றுக் காணி கேட்டு எழுத வேண்டும்.

ஊரில் எல்லாரும் சொல்லும் ஒரு நம்பிக்கையை இங்கே உடைத்தாக வேண்டும். "பத்து வருஷத்துக்கு மேல் இருந்தால் காணி எங்களுடையதுதான்" என்பார்கள். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் பத்து வருடக் கணக்கு தனியார் காணிக்குத்தான். அரசுக்கு எதிராக அது செல்லாது. நாற்பது வருடம் இருந்தாலும் அரச காணி அரச காணிதான்.

அதைவிட முக்கியமானது 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (ஆட்சி மீட்பு) சட்டம். வெளியேறச் சொல்லி அறிவித்தல் வந்து, அதில் கொடுத்த காலத்துக்குள் போகாவிட்டால் விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். அந்தக் காலம் 30 நாளுக்குக் குறையக்கூடாது. நீதிமன்றத்தில் நீங்கள் காட்டக்கூடிய எதிர்வாதம் ஒன்றே ஒன்று: செல்லுபடியாகும் பெர்மிட் அல்லது அரசின் எழுத்து மூலமான வேறு அனுமதி. கிணறு நான் வெட்டியது, மரம் நான் வைத்தது, பிள்ளைகள் இங்கேதான் பிறந்தார்கள் என்ற எதையும் அந்த இடத்தில் நீதவான் கணக்கில் எடுக்க முடியாது. "இருங்கோ, ஒருவரும் எழுப்ப மாட்டினம்" என்று எந்த அதிகாரி, எந்த அரசியல்வாதி சொன்னாலும் அந்த வாய்ச்சொல்லுக்கு நீதிமன்றத்தில் பெறுமதி கிடையாது. இதனால்தான் எல்லாரையும் கடதாசி எடுக்கச் சொல்லிக் கெஞ்சுகிறேன். அறிவித்தல் ஏற்கனவே வந்துவிட்டதா? இந்தப் பதிவை மூடிவிட்டு இன்றைக்கே சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். வசதியில்லாதவர்களுக்கு அங்கே இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார்.

தனியார் காணியில் இருப்பவர்கள், குறிப்பாக யாழ்ப்பாணத்திலோ வெளிநாட்டிலோ இருப்பவரின் தோட்டத்தில் காவலுக்கு என்று குடியிருப்பவர்கள், வேறு பாதையில் போக வேண்டும். உரிமையாளரின் அனுமதியோடு வந்திருந்தால் அந்தப் பத்து வருடம் ஓடத் தொடங்குவதே கடினம். அதை மாவட்ட நீதிமன்றத்தில்தான் தீர்க்கலாம். கீழே எழுதியிருப்பது அரச காணிக்கு மட்டும்.

படி 2: குடியிருந்ததற்கான சான்றுகள்

நாங்கள் அதிக காலம் சிக்கி நின்றது இங்கேதான். "எப்போதிருந்து இருக்கிறீர்கள், ஆதாரம் என்ன?" என்று கேட்டார்கள். 2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டு ஓடிய சனத்திடம், முள்ளிவாய்க்கால் வரை நடந்து வவுனியா மெனிக்பாம் முகாமில் வந்து விழுந்த சனத்திடம், பழைய கடதாசி எங்கே இருக்கும்? பெட்டியோடு போனது போனதுதான். ஓர் அலுவலகத்தில் "ஒன்றும் இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய ஏலாது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

ஆனால் எங்கள் கையில் இல்லாத கடதாசி வேறு யாருடைய அலுமாரியிலாவது இருக்கிறது. அதைத் தேடிப் போக வேண்டும், அவ்வளவுதான். எங்களுக்கு முதலில் கிடைத்தது பாடசாலைச் சேர்வு இடாப்பு. மாமாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது எழுதிய விலாசம் அதில் இருந்தது. அதிபரிடம் கேட்டு உறுதிப்படுத்திய பிரதி எடுத்தோம். அப்புறம் பிறப்புச் சான்றிதழ்களில் பெற்றோரின் வதிவிடம், பழைய வாக்காளர் இடாப்பு, கோயில் திருவிழாக் கணக்குக் கொப்பி, கடன் கொடுத்த கூட்டுறவுச் சங்கத்தின் பதிவு என்று ஒவ்வொன்றாகத் தேடினோம். தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளும் உதவும்.

மீள்குடியேறிய பிறகு வந்த கடதாசிகளை யாரும் சான்றாக நினைப்பதில்லை. அவையும் சான்றுதான். மெனிக்பாமிலிருந்து விடுவித்த கடிதம், மீள்குடியேற்றப் பதிவு, கொட்டில் போட ஐ.நா. அகதிகள் அமைப்பான யு.என்.எச்.சி.ஆர். கொடுத்த 25,000 ரூபாயின் பற்றுச்சீட்டு, கண்ணிவெடி அகற்றிய பின் காணியைக் கையளித்த கடிதம், இந்திய வீட்டுத்திட்டத்தின் 5,50,000 ரூபாய்க்கான கோவை (ஃபைல்), மின்பட்டியல், சமுர்த்தி அட்டை, பிள்ளையின் கிளினிக் கொப்பி. இவற்றில் உங்கள் பெயரும் கிராமமும் திகதியும் சேர்ந்து இருந்தால் போதும்.

அடுத்தது காணியே சொல்லும் சாட்சி. காய்க்கும் தென்னை, பழைய கிணற்றின் கட்டு, எல்லையில் நட்ட பனை, இடிந்த வீட்டின் அத்திவாரம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். கணினியில் கூகுள் ஏர்த் திறந்தால் பழைய செய்மதிப் படங்களையும் பார்க்கலாம். சண்டைக்கு முந்திய படத்தில் வளவு துப்புரவாகத் தெரிந்தால் அச்சடித்து இணையுங்கள். அது மட்டும் போதாது, ஆனால் மற்றச் சான்றுகளுக்குப் பலம் கொடுக்கும். கடைசியாக, அயலில் நீண்டகாலம் இருக்கும் இரண்டு மூன்று பெரியவர்களிடம் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி எழுதி வாங்குங்கள். அம்மாவின் கோவையில் பழைய அயலவர் ஒருவரின் சத்தியக்கடதாசிதான் 1977ஐயும் 2010ஐயும் இணைத்தது.

யுத்தத்துக்குப் பிந்திய வடக்கு கிழக்குக் காணிப் பிரச்சினைகளைத் தீர்க்க 2013/01 என்ற காணிச் சுற்றறிக்கை வந்தது. ஆவணங்களை இழந்த குடும்பங்களின் சிக்கலும் அதற்குள்தான் வருகிறது. கடிதத்தில் அதன் இலக்கத்தை எழுதினால், விடயம் தெரிந்துதான் வந்திருக்கிறீர்கள் என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் விளங்கும்.

படி 3: எழுதிக் கொடுங்கள்

பிரதேச செயலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். எங்களுடையது இப்படி இருந்தது:

"கரைச்சிப் பிரதேச செயலாளர் பிரிவில் … கிராம அலுவலர் பிரிவிலுள்ள, ஏறத்தாழ அரை ஏக்கர் அரச காணியில் எனது குடும்பம் 1977 முதல் குடியிருந்து பயிர் செய்து வருகிறது. யுத்த இடப்பெயர்வைத் தவிர வேறு காலத்தில் காணியை விட்டு நீங்கவில்லை. எனக்கு வேறு காணி இல்லை. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இதை எனது பெயருக்கு ஒழுங்குபடுத்தித் தருமாறு வேண்டுகிறேன். இணைப்புகள் பின்வருமாறு."

"யுத்த இடப்பெயர்வைத் தவிர" என்ற வரியை விடாதீர்கள். இல்லாவிட்டால் இடையில் காணியைக் கைவிட்டதாக யாராவது குறிப்பு எழுதக்கூடும்.

கடிதத்தை நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். என்னைக் கேட்டால் பதிவுத் தபால்தான் சிறந்தது. தொலைந்தது என்று யாரும் சொல்ல முடியாது, துண்டு கையில் இருக்கும். ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, போன நாள், சந்தித்தவரின் பதவி, அவர் சொன்ன பதில் எல்லாவற்றையும் எழுதுங்கள். தொலைபேசியில் குறித்து வைப்பவர்கள் தொலைபேசி பழுதானதும் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். கொப்பி பழுதாகாது. மூலப் பிரதிகளை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

தரகர் வேண்டவே வேண்டாம். "உள்ளுக்கு ஆள் இருக்கு" என்று காசு கேட்பவர் செய்யப்போவதும் இதே கடிதத்தைக் கொடுப்பதுதான்.

மாதக் கணக்கில் பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதே செயலகத்தின் தகவல் அலுவலருக்கு, "எனது இன்ன திகதிக் கடிதத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன? கோவைக் குறிப்புகளின் பிரதி தேவை" என்று எழுதுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். கோவையைத் தூசி தட்டி எடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

படி 4: காணிக்கச்சேரியும் அளவையும்

காணி வெளிக்கள உத்தியோகத்தர் வந்து பார்ப்பார். பின் காணிக்கச்சேரிக்கு, அதாவது காணி கேட்பவர்களை விசாரிக்கும் கூட்டத்துக்கு, அழைப்பு வரும். வருமானம், பிள்ளைகள், வேறு காணி உண்டா என்று கேட்பார்கள். நேராகப் பதில் சொன்னால் போதும். பக்கத்து எல்லைக்காரரோடு தகராறு இருந்தால் அதற்கு முன்னரே பேசித் தீர்த்துவிடுங்கள். அளவையாளர் வரும் நாளில் நீங்கள் கட்டாயம் காணியில் நிற்க வேண்டும். எல்லைகளைக் காட்டுவது நீங்கள்தான்.

படி 5: பெர்மிட் வந்த பிறகு

பெர்மிட் என்பது காணி உறுதி (உரிமைப் பத்திரம்) அல்ல. விற்க முடியாது, நினைத்தபடி ஈடு வைக்கவும் முடியாது. நிபந்தனைகளை மீறினால் இரத்துச் செய்யலாம். அபிவிருத்தி செய்து நிபந்தனைகளை நிறைவேற்றினால் பின்னர் ஜனாதிபதி கையொப்பமிட்ட அளிப்புப் பத்திரம் கேட்கலாம்.

பெர்மிட் யார் பெயரில் என்பதை வீட்டில் முதலிலேயே பேசி முடிவெடுங்கள். வன்னியில் யுத்தத்தால் எத்தனையோ குடும்பங்களைப் பெண்கள்தான் தனியாகத் தாங்குகிறார்கள். அப்படியிருந்தும் "வீட்டுத் தலைவர்" என்று ஆணின் பெயரைத் தேடி எழுதும் பழக்கம் போகவில்லை. அம்மாதான் இந்தக் காணியில் மண் கொத்தியவர். அவர் பெயரில்தான் வேண்டும் என்று நின்றோம், கிடைத்தது.

பெர்மிட் கையில் கிடைத்த அதே வாரம் பின்னுரித்தாளரை, அதாவது உங்களுக்குப் பின் காணி யாருக்கு என்பதை, பதிவு செய்யுங்கள். இறப்பதற்கு முன் பதிவு செய்திருந்தால்தான் நியமனம் செல்லும். நியமித்தவர் இறந்த பின், பின்னுரித்தாளர் ஆறு மாதத்துக்குள் காணியின் ஆட்சிக்கு வர வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையை நியமிப்பவர்கள் இதை யோசியுங்கள். யாரையும் நியமிக்காவிட்டால் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி போகும். முன்பு அதில் மகளுக்கு முன்னே மகன் என்று இருந்தது. 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்த ஆண் பெண் வேறுபாட்டை நீக்கியது. பழைய ஒழுங்கையே இன்னும் சொல்பவர்களிடம் இந்தச் சட்ட இலக்கத்தைக் காட்டுங்கள்.

பின் சேர்க்கை

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார்: பெர்மிட் கணவர் பெயரில் இருக்கிறது, அவர் 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர், மரணச் சான்றிதழ் எடுத்துவரச் சொல்கிறார்கள், எனக்கு மனம் வரவில்லை, என்ன செய்வது? அக்கா, மரணச் சான்றிதழ்தான் ஒரே வழி என்று இல்லை. மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்துக்கு வந்த 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தத்தின்படி, காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறலாம். அவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் எங்கும் கையொப்பமிட வேண்டியதில்லை. அதை இணைத்து, காணியைப் பராமரித்து வருவது நீங்கள்தான் என்று பிரதேச செயலாளருக்கு எழுதுங்கள். பதிலையும் எழுத்தில் கேளுங்கள்.

இன்னும் சிலர் எழுதியது, இடம்பெயர்ந்திருந்த வருடங்களில் பற்றை வளர்ந்த வளவுக்குள் வன இலாகா எல்லைக்கல் போட்டதைப் பற்றி. கல்லைப் பிடுங்காதீர்கள், அது உங்கள் மேல் வழக்காக வரும். பற்றைக்குள் இருக்கும் கிணறு, அத்திவாரம், தென்னை எல்லாவற்றையும் படம் எடுத்து, படி 2இல் சொன்ன சான்றுகளோடு பிரதேச செயலாளருக்கு எழுதி, வன இலாகாவுக்குப் பிரதி அனுப்புங்கள். இரு தரப்பும் சேர்ந்து வந்து காணியைப் பார்க்க வேண்டும் என்று கடிதத்திலேயே கேளுங்கள். தனியாகப் போகாமல், அதே எல்லைக்குள் அகப்பட்ட எல்லாக் குடும்பங்களும் ஒரே நாளில், ஒவ்வொருவரும் தனித்தனிக் கடிதத்தோடு போங்கள். கூட்டுக் கடிதம் ஒன்று கொடுத்தால் ஒரு கோவைதான் திறப்பார்கள். தனித்தனியாகக் கொடுத்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோவை திறக்க வேண்டி வரும்.