கொலைகாரனுக்கு ஒரு காலைப்பொழுது கொடுங்கள்: தொடர் எழுதப் பழகுவோருக்கு ஒரு செய்முறை

நம் ஊரில் வெற்றிலை பாக்கு மாற்றினால் கல்யாணம் நிச்சயம். மும்பையில் பாக்கு கைமாறினால் யாருக்கோ சாவு நிச்சயம். காசு வாங்கிக்கொண்டு செய்யும் கொலைக்கு இங்கே ‘சுபாரி’ என்று பெயர். சுபாரி என்றால் பாக்கு. தமிழ்ப் பத்திரிகைகள் ‘கூலிப்படை’ என்று போடுகிற அதே தொழில்தான்.

நான் குடியிருப்பது செம்பூரில், பிழைப்பு அந்தேரியில். இணையத் தொடர்களுக்குக் கதை பேசும் அறைகளில் டீயைக் குடித்துக்கொண்டு நாளெல்லாம் வாதம் செய்வது என் வேலை. எழுத வரும் தமிழ்ப் பிள்ளைகள் வாட்ஸப்பில் பிரதி அனுப்புவார்கள். பத்தில் நாலு பிரதியில் ஒரு கூலிக்கொலைகாரன் வருவான். கறுப்புச் சட்டை, அதிகம் பேசமாட்டான், சின்ன வயதில் அவன் கண்ணெதிரே அப்பாவை வெட்டியிருப்பார்கள். கிண்டல் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என் முதல் பிரதியிலும் 12 பக்கத்துக்கு அந்த அப்பா செத்துக்கொண்டே இருந்தார். படித்தவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “சரி, பாவம். இப்போ இவன் என்ன செய்யறான்?” என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வியிலிருந்து நான் கற்றுக்கொண்ட முறைதான் இது. உதாரணத்துக்கு எங்கள் அறையில் ஒரு தொடருக்காக எழுதிய ஆளை முதலிலிருந்து செய்து பார்ப்போம். அவன் பெயர் தங்கையா. தாராவியில் பிறந்தவன், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், வயது 44.

படி 1: கொலையைத் தவிர ஒரு வேலை

கூலிக்குக் கொல்பவனுக்கு வருடத்தில் இரண்டு மூன்று நாள்தான் அந்த வேலை. மற்ற நாட்களில் அவன் என்ன செய்கிறான்? இதற்குப் பதில் எழுதாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

தங்கையா இட்லி விற்கிறான். மும்பையில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். விடியற்காலையில் தாராவியிலிருந்து சைக்கிள்கள் கிளம்பும். பின்னால் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் இட்லி, பக்கத்தில் சட்னி வாளி, கைப்பிடியில் ரப்பர் ஹாரன். பாம் பாம் சத்தம் கேட்டதும் ஜனங்கள் பாத்திரத்தோடு இறங்கி வருவார்கள். இட்லிக்காரருக்கு எந்தச் சந்தும் தெரியும், எந்த வீடு எத்தனை மணிக்கு எழும் என்பதும் தெரியும். அவர் முகம் மட்டும் யாருக்கும் நினைவில் இருக்காது. கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது, அதற்குக் கை வேண்டும் என்று பாருங்கள். கணக்கு எழுதுபவன், காவல் காப்பவன் என்று வைத்தால் நடிகருக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. மாவு கரைக்கிற, துணி தேய்க்கிற, பூக் கட்டுகிற கை இருந்தால் அந்தக் கையே பாதி வசனம் பேசிவிடும்.

படி 2: ஏன் ஒத்துக்கொண்டான்

இதைச் சுருக்கமாக வையுங்கள். மகளின் ஆபரேஷனுக்குப் பணம் என்று எழுதினால் பார்ப்பவர் உடனே மன்னித்துவிடுவார், கதை அங்கேயே படுத்துவிடும். காரணம் புரிய வேண்டும், ஆனால் அதை வைத்து விடுதலை வாங்க முடியக் கூடாது. தங்கையாவுக்கு நாங்கள் மூன்று வரி எழுதினோம். முதல் தடவை, மாட்டேன் என்று சொல்லப் பயந்து செய்தான். இரண்டாவது தடவை, முதல் தடவை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதால் செய்தான். மூன்றாவது தடவை அவனே கூலியைக் கூட்டிக் கேட்டான். 12 பக்கம் செய்யாத வேலையை அந்த மூன்றாவது வரி செய்கிறது.

படி 3: அவனுடைய விதி

எல்லாக் கொலைகாரனுக்கும் ஒரு விதி உண்டு. பெண்களைத் தொடமாட்டான், குழந்தைகளைத் தொடமாட்டான். இந்த விதி தேய்ந்த செருப்பு, விட்டுவிடுங்கள். அது அவனை நல்லவனாகக் காட்டத்தான் பயன்படும், அவனை எங்கேயும் மாட்டிவிடாது.

தங்கையாவின் விதி: தான் இட்லி விற்கும் தெருவில் வேலை செய்யமாட்டான். யோசித்தால் இது வெறும் வியாபார புத்தி. அவனோ இதைத் தன் தர்மம் என்று நம்புகிறான். “சோறு போடுற எடத்துல கை வைக்கப்படாது” என்று பெருமையாகச் சொல்வான். உள்ளே இருக்கும் காரணத்துக்கும் வெளியே சொல்லும் காரணத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளியில்தான் ஆள் சுவாரசியமாகிறான். இந்த விதியை உடைப்பதுதான் உங்கள் தொடரின் வேலை.

2020இல் வந்த ‘பாதாள் லோக்’ இந்தித் தொடரைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள், முடிவைச் சொல்லப்போகிறேன். அபிஷேக் பானர்ஜி நடித்த ஹத்தோடா தியாகி சுத்தியலால் கொல்பவன். வாயைத் திறப்பதே அபூர்வம். அவனுக்கு நாய்கள் மேல் பிரியம். கொல்ல வேண்டியவனைக் கொல்லாமல் விடுகிறானே, அதற்குக் காரணமே அந்தப் பிரியம்தான். நாயை அவன் நல்லவன் என்று சர்டிபிகேட் கொடுக்க மட்டும் கொண்டுவந்திருந்தால் முதல் வாரத்திலேயே மறந்திருப்போம். அது கதையின் முடிச்சிலேயே கட்டப்பட்டிருக்கிறது. உங்கள் ஆளின் விதியும் அப்படி ஒரு இடத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

படி 4: அறிமுகம்

முதல் காட்சியில் கொல்ல வைக்காதீர்கள். 2018இல் தொடங்கிய ‘கில்லிங் ஈவ்’ வியன்னாவில் ஒரு ஐஸ்கிரீம் கடையில் ஆரம்பிக்கிறது. ஜோடி கோமர் நடித்த கூலிக்கொலைகாரி வில்லனெல் எதிரே இருக்கும் சின்னப் பெண்ணைப் பார்க்கிறாள். கடைக்காரர் சிரிப்பதைக் கவனித்து, அதே மாதிரி தானும் சிரித்துக் காட்டுகிறாள். குழந்தையும் சிரிக்கிறது. கிளம்பிப் போகிற போக்கில் அந்தக் குழந்தையின் ஐஸ்கிரீம் கிண்ணத்தை அதன் மேலேயே தட்டிவிட்டுப் போய்விடுகிறாள். துப்பாக்கியும் இல்லை, கொலையும் இல்லை. சிரிப்பைக்கூடப் பிறரைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறவள் என்பது தெரிந்துவிட்டது. நமக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்ததற்குக் கொஞ்சம் கூச்சமும் வந்துவிட்டது.

பழகுவதற்கு ஒரு பயிற்சி: உங்கள் ஆளை யாரோ ஒருவர் ஐந்து ரூபாய்க்கு ஏமாற்றுகிற காட்சியை எழுதுங்கள். அவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள்.

படி 5: கொலைக்கு அப்புறம்

இந்தப் படிக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

தமிழில் கொலைகாரன் கதை புதிதில்லை. பெரியபுராணத்தில் முத்தநாதன் வருகிறான். போரில் மன்னர் மெய்ப்பொருள் நாயனாரை ஜெயிக்க முடியாமல், உடம்பெல்லாம் நீறு பூசி, சடையை முடித்துக் கட்டி, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்து எடுத்துக்கொண்டு திருக்கோவலூர் அரண்மனைக்குள் நுழைகிறான். யாரிடமும் இல்லாத ஆகமம் கொண்டுவந்திருக்கிறேன் என்கிறான். மன்னர் அவனை மேலே உட்காரவைத்துத் தான் கீழே உட்காருகிறார். கட்டைப் பிரித்துக் கத்தியை எடுத்து நினைத்ததை முடிக்கிறான். ஓடிவந்து வாளை ஓங்கிய காவலன் தத்தனை, “தத்தா, நமர்” என்று சொல்லித் தடுக்கிறார் மன்னர். இவர் நம்மவர், ஒரு ஆபத்தும் இல்லாமல் கொண்டுபோய் விட்டுவிட்டு வா என்கிறார்.

தத்தன் அவனை அழைத்துக்கொண்டு நடக்கிறான். விஷயம் தெரிந்த ஊர் ஜனம் வழிமறிக்கிறது. மன்னர் ஆணை என்று சொல்லித் தத்தன் விலக்குகிறான். எல்லை தாண்டி விட்டுவிட்டுத் திரும்பி வந்து சொன்ன பிறகுதான் மன்னர் உயிர் பிரிகிறது. புராணம் தொண்டர் பெருமையைச் சொல்ல வந்தது, அதனால் மன்னர் பக்கமே நிற்கிறது. தொடர் எழுதுகிற நாம் அந்தப் பாதையில் நிற்க வேண்டும். தன்னைக் கொல்லத் துடிக்கும் ஒருவனின் காவலில், தான் குத்திய ஆளின் தயவில், நீறு பூசிய வேஷத்தைக் கலைக்கவும் முடியாமல் முத்தநாதன் நடந்தானே, அப்போது அவன் தத்தனிடம் ஏதாவது பேசியிருப்பானா? தண்ணீர் கேட்டிருப்பானா? ஒரு முழு எபிசோடுக்கு அந்த நடை போதும்.

புதியவர்கள் கொலைக்கு முன்னால் நடப்பதையே எழுதுகிறார்கள்: திட்டம், வேவு, துப்பாக்கியைத் துடைப்பது. அது வேலை விவரம். அவன் எப்படிப்பட்டவன் என்பது வேலை முடிந்த பிறகுதான் தெரியும்.

தங்கையாவுக்கு நாங்கள் எழுதிய காட்சியைச் சொல்கிறேன். அவன் விதி உடைந்துவிட்டது. செத்தவர் அவன் தெருக்காரர், பல வருட வாடிக்கை. பதினாறாம் நாள் காரியம் கழிந்து, வழக்கம்போல ஹாரன் அடிக்கிறான். அந்த வீட்டுப் பெண், 14 வயது இருக்கும், அதே எவர்சில்வர் தூக்கோடு இறங்கி வருகிறாள். கை பழக்கத்தில் ஆறு இட்லி வைக்கிறான்.

“நாலு போதும் அண்ணாச்சி.”

அவன் இரண்டைத் திருப்பி எடுத்துத் தன் பாத்திரத்தில் போடுகிறான். நாலு இட்லிக்குக் காசு வாங்குகிறான். சட்னியை மட்டும் ஆறுக்கு ஊற்றுகிறான்.

இந்த முடிவுக்கு வர இரண்டு நாள் ஆனது. முதலில் அவன் ஆறையும் கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றான். அது அழுகைக் காட்சி. அடுத்த வடிவத்தில் ஆறையும் தலையில் கட்டி ஆறுக்கும் காசு வாங்கினான். அது ராட்சசன். இப்போது அந்தக் கூடுதல் சட்னி குற்ற உணர்ச்சியா, வெறும் கைப்பழக்கமா என்று அவனுக்கே தெரியாது. பார்ப்பவர்கள் வீட்டில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

படி 6: அவனுக்கு வக்கீல் ஆகாதீர்கள்

1999இல் ‘தி சோப்ரானோஸ்’ ஐந்தாவது எபிசோடில், மகளுக்குக் கல்லூரி பார்க்கப் போன இடத்தில் நாயகன் டோனி, ஒரு மாஃபியா தலைவன், பழைய காட்டிக்கொடுப்பவன் ஒருவனைத் தன் கையால் கொல்கிறான். பார்ப்பவர்கள் நாயகனை வெறுத்துவிடுவார்கள் என்று சேனல் தரப்பு பயந்தது. கொல்லாமல் விட்டால்தான் அவன் மேல் மதிப்புப் போகும் என்று உருவாக்கிய டேவிட் சேஸ் பிடிவாதமாக இருந்தார். எபிசோட் வந்தது, யாரும் ஓடிவிடவில்லை.

இதோடு சேர்த்து ஒன்று: செத்துப்போகிறவருக்கு ஒரு முழுக் காட்சியாவது கொடுங்கள். அவரையும் அயோக்கியனாக்கித் தப்பிக்கிற குறுக்கு வழி எல்லோருக்கும் தெரிந்துபோய்விட்டது.

இடையில் ஒரு சட்டச் செய்தி

இன்னும் பலர் போலீஸ் வாயில் ‘302’ என்று எழுதுகிறார்கள். அது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் கொலைப் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. அதற்குப் பிறகு நடக்கும் கதையில் கொலைக்கான தண்டனை 103ஆம் பிரிவு. கூலிக்குக் கொல்வது திட்டமிட்ட குற்றங்கள் பற்றிய 111ஆம் பிரிவில் பெயர் சொல்லியே இருக்கிறது. ஆராய்ச்சிக்கு ஆயுதம் பற்றித் தேடி நேரத்தைக் கெடுக்காதீர்கள். நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சாட்சிகள் சொன்னதைப் படியுங்கள். மனிதர்கள் எப்படிப் பொய் சொல்வார்கள் என்பதற்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

படி 7: நடிகரிடம் கொடுப்பது

வெர்சோவா ஆராம் நகருக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். சந்துக்குச் சந்து ஆடிஷன் நடக்கும். கொலைகாரன் வேஷம் என்றதும் வருகிறவர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்திக் கண்ணைச் சுருக்குவார்கள். எங்களுக்குக் கிடைத்த நடிகர், கொடுத்த பக்கத்தைக் கீழே வைத்துவிட்டு, “இவர் ஹாரனை எந்தக் கையால் அடிப்பார்?” என்று கேட்டார். அவரையே எடுத்துக்கொண்டோம்.

அப்புறம் அவர் சில காலைகள் தாராவிக்குப் போய் இட்லிக்காரர்கள் கூடவே சுற்றினார். திரும்பி வந்து சொன்ன விஷயம் கதையையே மாற்றிவிட்டது. “அவங்க யாரும் மூஞ்சியைப் பார்க்கறதே இல்ல. பாத்திரத்தைத்தான் பார்க்கறாங்க. எந்தப் பாத்திரத்துக்கு எத்தனைன்னு அதுல இருந்துதான் தெரியுது.”

அதுவரை தங்கையா தெரிந்தே விதியை உடைத்தான். நடிகர் சொன்னதும் பிரதியைத் திருத்தினோம். அவனிடம் ஒரு போட்டோ கொடுக்கிறார்கள். பல வருடமாக இட்லி கொடுத்த ஆளின் முகம் அவனுக்குத் தெரியவில்லை. வேலை முடிந்து, வெளியே போக அடுப்படி வழியாக வருகிறான். மேடையில் அந்தத் தூக்கு கவிழ்த்து வைத்திருக்கிறது. கல்யாணத்துக்கு வாங்கிப் பெயர் வெட்டிய பாத்திரம். புள்ளி புள்ளியாக ‘மு. சரசு’ என்று இருக்கும். அப்போதுதான் யார் வீடு என்பதே அவனுக்குத் தெரிகிறது.

நடிகருக்குக் கொடுக்கும்போது உணர்ச்சியின் பெயரை எழுதிக் கொடுக்காதீர்கள். ‘குற்ற உணர்வுடன் பார்க்கிறான்’ என்ற வரியை யாராலும் நடிக்க முடியாது. ‘தூக்கை நிமிர்த்தி வைக்கிறான்’ என்றால் நடிக்கலாம். அந்தக் காட்சியில் இருந்த நாலு வசனத்தையும் அவர் ஒவ்வொன்றாக அடித்தார். மூன்றுக்குச் சம்மதித்தோம், நாலாவதற்குச் சண்டை போட்டோம். படப்பிடிப்பில் அதுவும் போய்விட்டது.

எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பிரதியைச் சத்தமாக வாசிப்பதைக் கட்டாயம் செய்யுங்கள். எங்கள் வாசிப்பில் அந்தப் பதினாறாம் நாள் காட்சி முடிந்ததும் நடிகர் பென்சிலை வைத்துவிட்டுக் கேட்டார்: “திருப்பி எடுத்த ரெண்டு இட்லி என்னாச்சு?”

நாங்கள் எழுதவே இல்லை. காக்காய்க்குப் போட்டான் என்றார் ஒருவர். சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு அவனே தின்றான் என்றார் இன்னொருவர். மதியச் சாப்பாடு ஆறிப்போனது. கடைசியில் ஒரு வரி சேர்த்தோம். அடுத்த வீட்டில் எட்டு கேட்கிறார்கள், அந்த இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு அவன் ஹாரன் அடிக்கிறான்.