குழந்தைக்குப் பிரெஞ்சில் அறிமுகம் சொல்லித் தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான்கு முதல் எட்டு வயதுக் குழந்தை பிரெஞ்சில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வணக்கம், பெயர், வயது, வசிக்கும் ஊர் என்று நான்கு வாக்கியங்கள் போதும். குழந்தைகள் இவற்றில் தடுமாறும் இடங்களும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். பல தடுமாற்றங்களுக்குக் காரணம், ஆங்கிலத்தை நடுவில் வைத்து நாம் சொல்லித் தருவதுதான். தமிழ் பேசும் குழந்தை தமிழிலிருந்து நேராகவே பிரெஞ்சுக்குப் போகலாம், சில இடங்களில் அதுதான் சுலபமும்கூட.

வயதைச் சொல்வதையே பாருங்கள். ஆறு வயதுக் குழந்தை ‘ஜே ஸிஸான்’ என்று சொல்ல வேண்டும். ‘ஜே’ என்பது தன்னிடம் ஒன்று இருப்பதைச் சொல்லும் ‘அவ்வார்’ என்ற வினையின் வடிவம். ஆங்கில வாக்கியத்தை மனத்தில் வைத்திருக்கும் குழந்தை, ‘நான் இருக்கிறேன்’ என்று பொருள்படும் ‘ஜ ஸுயி’யைப் போட்டு ‘ஜ ஸுயி ஸீஸ்’ என்கிறது. பிரெஞ்சில் வயதை அப்படிச் சொல்வதில்லை. தமிழிலோ ‘எனக்கு ஒரு தம்பி’, ‘எனக்கு ஆறு வயது’ இரண்டுக்கும் ‘எனக்கு’தான். பிரெஞ்சிலும் ‘ஜே அன் ஃப்ரேர்’, ‘ஜே ஸிஸான்’ இரண்டுக்கும் ‘ஜே’தான். அதனால் முதலில் ஒரு பூனைப் பொம்மையைக் கையில் கொடுத்து ‘ஜே அன் ஷா’, எனக்கு ஒரு பூனை இருக்கு, என்று சொல்ல வையுங்கள். இரண்டு நாள் கழித்து அதே ‘ஜே’யோடு வயதைச் சேருங்கள். ‘ஜ ஸுயி’ குறுக்கே வருவது பெரிதும் குறையும்.

வயதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒன்று முதல் பத்து வரை எண்களை முதலில் ஒப்பிக்க வைத்துவிட்டு, பிறகு ஆண்டு என்று பொருள்படும் ‘ஆன்’ என்ற சொல்லை ஒட்டவைக்கப் பார்ப்பது பலரும் செய்யும் தவறு. எண்ணின் கடைசி ஒலி அடுத்த சொல்லோடு சேரும்போது மாறிவிடுகிறது. ஆறு தனியாக வந்தால் ‘ஸீஸ்’, சாதாரண ஸகரம். வயதோடு சேர்ந்தால் அந்த ஸகரம் தேனீயின் ரீங்காரம்போல் அதிர்கிறது. பத்தும் அப்படியே. ஒன்பது தனியாக ‘நெஃப்’, வயதோடு ‘நெவான்’, ஃபகரம் வகரமாகிவிடும். ஐந்து ‘ஸான்கான்’, ஏழு ‘ஸெத்தான்’, எட்டு ‘உயித்தான்’. குழந்தைக்குத் தன் வயது மட்டும் ஒரே சொல்லாகத் தெரிந்தால் இப்போதைக்குப் போதும். எண் வரிசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே ‘ஆன்’ என்று எழுதியிருப்பதைப் படித்துக்காட்டினால் நாக்கு மேலே போய் ஒட்டும். பிரெஞ்சில் அது ஒட்டக்கூடாது. மூக்கொலி உயிர்கள் தமிழருக்கு வராது என்று விட்டுவிடுவதும் தவறு, ஏனென்றால் பேச்சுத் தமிழில் அவை நாள் முழுக்க வருகின்றன. ‘மரம்’ என்று வேகமாகப் பேசும்போது உதடு மூடுவதில்லை, கடைசி ஒலி மூக்கில் கரைகிறது. வணக்கம் சொல்லும் ‘போன்ஜூர்’ என்பதன் முதல் அசை அந்த ஒலிக்கு மிக நெருக்கம். ‘வந்தான்’ என்று பேச்சில் சொல்லும்போது வரும் முடிவு, வயதின் ‘ஆன்’ ஒலிக்கு நெருங்கி வரும். குழந்தையைக் கண்ணாடி முன் நிறுத்தி ‘அவன் வந்தான்’ என்று இயல்பாகப் பேசச் சொல்லுங்கள், பிறகு ‘ஸிஸான்’. நாக்கு நுனி மேலே எழவில்லையென்றால் ஒலி சரி.

இதனால்தான் வாக்கியங்களைத் தமிழெழுத்தில் எழுதிக் குழந்தை கையில் கொடுப்பது நல்லதல்ல. இந்தக் கட்டுரையில் இருப்பவை பெரியவர்களுக்கான அடையாளங்கள் மட்டுமே. நம் ‘ஜ’ தொடங்கும்போது நாக்கு ஒருமுறை முட்டி விலகும், பிரெஞ்சு ‘ஜ’வில் முட்டல் கிடையாது. ‘ஷ்ஷ்ஷ்’ என்று நீட்டச் சொல்லி, தொண்டையில் விரலை வைத்து, அதிர்வு வரும்வரை குரலைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதுதான் அந்த ஒலி. ‘நீ’ என்று பொருள்படும் ‘து’வும் நம் ‘து’ அல்ல. ‘ஈ’ என்று சொல்லிக்கொண்டே நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் குவித்தால் வரும் உயிர் அது. தொண்டையில் உரசும் பிரெஞ்சு ரகரத்தை மட்டும் ஆரம்பத்தில் வற்புறுத்த வேண்டாம், நம் ரகரத்தில் சொன்னாலும் புரியும். எழுத்தைக் காட்டுவதையும் சில வாரம் தள்ளிப்போடுங்கள். சொல்லின் கடைசியில் எழுதி ஒலிக்காத எழுத்துகள் பிரெஞ்சில் ஏராளம், கண்ணால் முதலில் பார்த்தால் குழந்தை அத்தனையையும் உச்சரித்துவிடும்.

பெயருக்கு வருவோம். ‘ஜ மாப்பெல்’ என்றதும் பெயரைச் சொல்ல வேண்டும், நடுவில் ஒன்றும் கிடையாது. ‘ஜ மாப்பெல் ஏ’ என்று இன்னொரு வினையை நுழைப்பதும் ஆங்கில வழியில் வரும் பழக்கமே. ‘என் பெயர்’ என்று தொடங்கும் ‘மோன் நோன் ஏ’ இலக்கணப் பிழை அல்ல, ஆனால் பிரெஞ்சுக் குழந்தைகள் விளையாட்டிடத்தில் அப்படிப் பேசுவதில்லை. நான்கு வயதுக்காரருக்கு நீளமாகத் தெரிந்தால் ‘முவா, ஸே’ என்று தொடங்கிப் பெயரைச் சொல்லட்டும், அது இயல்பான பேச்சுதான்.

பதிலை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்துக் கேள்வியை விட்டுவிடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. நான்கு வாக்கியங்களையும் ராகம் போட்டு ஒப்பிக்கும் குழந்தையிடம் ‘து ஆ கெல் ஆஜ்?’ என்று வயதைக் கேட்டால், பெயரிலிருந்து ஆரம்பிக்கும். ‘கொமான் து தாப்பெல்?’ என்று பெயரைக் கேட்டால், கேட்ட ஒலியை அப்படியே திருப்பி ‘ஜ தாப்பெல்’ என்று பலர் சொல்வார்கள். அதற்கு ‘உன்னைக் கூப்பிடுகிறேன்’ என்று பொருள். மகரம் ‘என்னை’, தகரம் ‘உன்னை’ என்று விளக்குவதைவிட, இரண்டு பொம்மைகளைப் பேச வைப்பது பலன் தரும். ஒன்று கேட்கும், மற்றது தன் நெஞ்சைத் தொட்டு ‘ஜ மாப்பெல்’ என்று பதில் சொல்லி ‘ஏ துவா?’ என்று திருப்பிக் கேட்கும். குழந்தை முதல் நாளிலிருந்தே இரண்டு பக்கமும் பேசட்டும். கேள்விகளின் வரிசையைத் தினமும் மாற்றுங்கள்.

‘து’, ‘வூ’ வேறுபாட்டுக்குத் தனி வகுப்பே தேவையில்லை. நீ, நீங்கள் என்றால் குழந்தைக்குப் புரியும். தெரியாத பெரியவரிடம், நண்பர்களுக்குச் சொல்லும் ‘ஸாலு’வைச் சொல்லக்கூடாது, ‘போன்ஜூர்’தான்.

ஊரைச் சொல்லும்போது ‘ஜாபித் ஆ பாரி’, நான் பாரிஸில் வசிக்கிறேன். ‘ஜ ஹாபித்’ என்று பிரிப்பதும் ஹகரத்தை ஒலிப்பதும் தவறு. நாடு வந்தால் முன்னால் வரும் சொல் மாறும்: பிரான்ஸுக்கு ‘ஆன்’, கனடாவுக்கு ‘ஓ’. விதியை விளக்காமல் குழந்தை வாழும் ஊரையும் நாட்டையும் மட்டும் பழக்குங்கள்.

ஆண், பெண் குழந்தைகள் சேர்ந்து படிக்கும் இடத்தில் எல்லோரையும் ஒரே வாக்கியத்தைக் கோரஸாகச் சொல்ல வைத்தால் ‘ஜ ஸுயி கோன்தான்’ போன்ற இடத்தில் சிக்கும். மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்று ஒரு சிறுமி சொன்னால் கடைசியில் தகரம் கேட்க வேண்டும்: ‘கோன்தான்த்’. ஆசிரியர் ஆணாக இருந்தால், சிறுமிகளுக்கு ஒரு பெண்ணின் குரலில் இதைக் கேட்கத் தாருங்கள்.

வாரம் ஒரு மணி நேரத்தைவிடத் தினம் ஐந்து முதல் பத்து நிமிடம் நல்லது. குழந்தை ‘ஜ ஸுயி ஸீஸ்’ என்று சொன்னால் நடுவில் வெட்டித் திருத்தாதீர்கள். வாக்கியம் முடிந்ததும் ‘ஆ, து ஆ ஸிஸான்!’ என்று மகிழ்ச்சியாகச் சரியான வடிவத்தைத் திருப்பிச் சொல்லி, அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.