ரெண்டு நூல் தகடு: எம்-3 ஹாஃப் ட்ராக் மாடலைச் சரிசெய்து கட்டுவது

அம்பத்தூரில் 28 வருடம் தகடு வெட்டியவன் நான். கால் அங்குலத் தகட்டை எங்கள் பட்டறையில் 'ரெண்டு நூல்' என்போம். ஓரத்தைப் பார்த்தாலே போதும், அளக்காமல் சொல்லிவிடலாம். பேரனுக்கு என்று வாங்கிய பிளாஸ்டிக் மாடல் பெட்டியோடு கடைசியில் நானே உட்கார்ந்துவிட்டேன். அப்போது முதலில் கண்ணை உறுத்தியதும் அந்த ஓரம்தான்.

பெட்டிக்குள் இருந்தது இரண்டாம் உலகப் போர்க் கால அமெரிக்க எம்-3 ஹாஃப் ட்ராக், 35-ல் ஒரு பங்கு அளவு. முன்னால் லாரி மாதிரி ரெண்டு டயர், பின்னால் டாங்க் மாதிரி பட்டை, நடுவில் கூரை இல்லாத இரும்புத் தொட்டி. நிஜ வண்டியின் பக்கத் தகடு 6.35 மி.மீ. அதை 35-ஆல் வகுத்தால் 0.18 மி.மீ. வரும். பெட்டியில் இருந்த பிளாஸ்டிக்கை வெர்னியரில் பிடித்தேன், 1.1 மி.மீ. நிஜ அளவுக்குத் திருப்பிப் பெருக்கினால் ஒன்றரை அங்குலத் தகடு! அவ்வளவு கனம் இருந்திருந்தால் அந்தக் காலச் சிப்பாய்கள் இந்த வண்டிக்குப் 'பர்ப்பிள் ஹார்ட் பெட்டி' என்று பட்டப்பெயர் வைத்திருக்க மாட்டார்கள். பர்ப்பிள் ஹார்ட் என்பது சண்டையில் காயம்பட்டவருக்கு அமெரிக்க ராணுவம் தரும் பதக்கம்.

பசையைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. எந்த வண்டியைக் கட்டுகிறோம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பழைய பெட்டிகளில் எம்-3ஏ2 என்று அச்சடித்திருப்பதைப் பார்க்கலாம். அந்த வகை காகிதத்தில் முடிவானதே தவிர, உற்பத்திக்குப் போகவில்லை. நடுவில் கம்பம் நட்டு அதன்மேல் இயந்திரத் துப்பாக்கி இருந்தால் எம்-3. முன்பக்கம் வலது இருக்கைக்கு மேலே வட்ட வளையம் வைத்து அதில் துப்பாக்கி ஓடினால் எம்-3ஏ1. பின்பக்க மூலைகள் வளைந்து, முன் மட்கார்டு தட்டையாக இருந்தால் அது இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் செய்த எம்-5. அதன் தகடுகள் வெல்டிங் செய்தவை. அவற்றில் பெரும்பாலானவை பிரிட்டனுக்கும் சோவியத்துக்கும் போயின. ஒயிட், ஆட்டோகார், டயமண்ட் டி என்ற மூன்று கம்பெனிகள் செய்த எம்-3-இல் தகடுகளைப் போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள், மூலை நறுக்கென்று இருக்கும். ஒன்றின் உடம்பில் மற்றொன்றின் மட்கார்டை ஒட்டிவிட்டு அப்புறம் வருத்தப்படுவதில் பயனில்லை.

அடுத்து அளவு. மூக்கில் உருளை வைத்த எம்-3-இன் நீளம் ஏறத்தாழ 6.18 மீட்டர், அகலம் 2.22 மீட்டர். மாடலில் 176 மி.மீ. நீளமும் 63 மி.மீ. அகலமும் வரவேண்டும். ரெண்டு மி.மீ. குறைந்தால் விட்டுவிடுங்கள். நான் முதல் வண்டியில் தொட்டியை அறுத்து நீட்டப் போய், ஒரு மாதம் கழித்து வாழைப்பழம் மாதிரி வளைந்த ஒரு பொருளைக் குப்பையில் போட்டேன்.

இனி தகடு. எல்லாத் தகட்டையும் மாற்ற வேண்டியதில்லை, ஓரம் தெரிகிற இடங்களை மட்டும் பாருங்கள். கண்ணாடிக்கு மேல் மடங்கும் கவசம், கதவுகளின் மடங்கும் மேல்பாதி, ரேடியேட்டர் முன்னால் இருக்கும் ஷட்டர் பலகைகள், பின்கதவு, இவ்வளவுதான். இவற்றைப் பிளாஸ்டிக் ஷீட்டில் புதிதாக வெட்டுங்கள். 0.25 மி.மீ. ஷீட் போதும், 0.18-க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கண்ணாடிக் கவசம் மட்டும் அரை அங்குலம், அதாவது நாலு நூல். அதற்கு 0.4 மி.மீ. ஷீட் எடுங்கள். பெட்டியில் வந்த பழைய துண்டையே அச்சாக வைத்துக் கோடு போட்டு, புது பிளேடால் நாலைந்து தடவை லேசாக இழுங்கள். ஒரே இழுப்பில் அறுக்கப் போனால் ஷீட் சுருளும். பார்வைத் துளைகளை வெட்டுவதற்கு முன் துளையின் ரெண்டு முனையிலும் சின்ன ஓட்டை போட்டுக்கொண்டால், பிளேடு அங்கே நின்றுவிடும்.

தொட்டியின் பக்கச் சுவர்களுக்கு வேறு வழி. மேல் ஓரத்தை உள்பக்கமாக மட்டும் சரிவாகச் சீவுங்கள். பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டி, 400 உப்புத்தாள், பிறகு 800. மேலேயிருந்து பார்த்தால் கூர்மையான ஓரம் தெரியும், உள்ளே கனம் அப்படியே இருந்து வலு கொடுக்கும். வெளிப்பக்கம் கை வைக்காதீர்கள், போல்ட் தலைகள் போய்விடும். போய்விட்டால் மிச்சமிருக்கும் பிளாஸ்டிக் கம்பியை மெழுகுவர்த்தி மேல் காட்டி இழுத்து, மெல்லிய வட்டுகளாக நறுக்கி ஒட்டலாம். நான் ஒட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும்.

உள்ளே, வார்ப்பு அச்சிலிருந்து துண்டைத் தள்ளும் ஊசி அழுத்திய வட்டத் தடங்கள் நிறைய இருக்கும். முன்னால் மூன்று பேர், பின்னால் எதிரெதிராகப் பத்துப் பேர் உட்காரும் வண்டி இது. இருக்கைகளைப் பசை இல்லாமல் வைத்துப் பாருங்கள். மறைந்துபோகும் தடத்துக்குப் புட்டி வீண். தெரிவதை மட்டும் நிரப்பித் தேயுங்கள். பிறகு பக்கங்களை ஒட்டும்போது மூலைமட்டம் வைத்துப் பிடியுங்கள். தொட்டி லேசாகத் திருகிக்கொண்டால் பட்டையும் டயரும் ஒரே தரையில் உட்காராது. ஒரு துண்டுக் கண்ணாடி மேல் வைத்து, ஒவ்வொரு டயருக்கும் கீழே காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் சக்கர அச்சைத் திருத்துங்கள். பசை முழுதாகக் காய்வதற்குள் செய்கிற வேலை இது.

பட்டைக்கு வருவோம். இங்கேதான் நான் அசிங்கப்பட்டேன். முதல் வண்டியின் பட்டைக்கு டாங்க் படங்களைப் பார்த்துத் துருப்பிடித்த பழுப்பு நிறம் அடித்து, ஓரத்தில் வெள்ளி பூசி, அலமாரியில் வைத்தேன். என் மனைவியின் தம்பி டயர் ரீட்ரெடிங் கடை வைத்திருக்கிறார். பொங்கலுக்கு வந்தவர் அதைத் தூக்கிப் பார்த்தார். நான் பெருமையாக, "நிஜ வண்டியில் இது ஒரே ரப்பர் பெல்ட்தான், உள்ளே இரும்புக் கம்பி ஓடும்" என்று விளக்கினேன். "என்ன மாமா, ரப்பர்னு நீங்களே சொல்றீங்க. ரப்பர் எங்கேயாவது துருப்பிடிக்குமா?" என்றார். அன்று சாப்பாடு முடியும் வரைக்கும் அதே பேச்சு.

அவர் சொன்னது சரி. இந்தப் பட்டையின் மூலம் அடோல்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர். ரஷ்யச் சக்கரவர்த்தியின் கார்களைப் பார்த்துக்கொண்டவர், பனியில் ஓடுவதற்காக ரப்பர் பெல்ட்டைக் கொண்டுவந்தார். புரட்சிக்குப் பிறகு ஊர் திரும்பி சிட்ரோயனோடு வேலை செய்தார். அந்த வண்டிகளை வாங்கிப் பார்த்துத்தான் அமெரிக்கர்கள் தங்களுடையதைச் செய்தார்கள். ஆகவே நிறம் பழைய டயர் நிறம், கரும்பழுப்பு கலந்த சாம்பல். அப்பட்டக் கறுப்பு வேண்டாம். நடுவில் வரிசையாக நிற்கும் வழிகாட்டிப் பற்கள் மட்டும் இரும்பு. அவற்றையும் முன்னால் இருக்கும் பல்சக்கரத்தின் பற்களையும் 6பி பென்சிலால் தேய்த்துவிட்டால் உராய்ந்த இரும்பின் பளபளப்பு வந்துவிடும்.

கண்ணி இல்லாத பெல்ட் என்பதால் சங்கிலி மாதிரி தொய்ந்து தொங்காது. தொய்வு கொடுக்க நூல் கட்டி இழுக்கிற வேலையை இந்த வண்டியில் செய்யாதீர்கள். அகலம் 12 அங்குலம், மாடலில் 8.7 மி.மீ. பழைய பெட்டிகளில் வருகிற மிருதுவான வினைல் பட்டை இருபது முப்பது வருடத்தில் பக்கத்துப் பிளாஸ்டிக்கை உருக்கிவிடுகிறது. சக்கரத்தில் வெள்ளைப் பிசுபிசுப்பு தெரிந்தால் காரணம் அதுதான். சக்கரத்துக்கும் பட்டைக்கும் தனித்தனியாக ப்ரைமர் அடித்து இடையில் ஒரு படலம் வையுங்கள். பட்டை இறுக்கமாக இருந்தால் பின்சக்கரத்தை உள்பக்கம் இழுத்து, ஆறு மாதம் கழித்து ஒரு ராத்திரி 'டக்' என்று அச்சை ஒடிக்கும். ஆகவே அந்தப் பிளாஸ்டிக் அச்சை முதலிலேயே அறுத்துவிட்டுப் பித்தளைக் கம்பி நுழையுங்கள். பட்டையின் இணைப்பைத் தரையில் படும் பக்கம் வையுங்கள். பிளாஸ்டிக் பசை பழைய வினைலில் பிடிக்காது, ஃபெவிக்விக் ஒரு துளி போதும்.

இதே கையோடு ஜெர்மன் ஹாஃப் ட்ராக்கான எஸ்டி.கேஎஃப்இசட். 251 கட்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் பட்டை இரும்புக் கண்ணிகள், அவற்றின் மேல் ரப்பர் பட்டைகள், அதனால் அங்கே இரும்பு நிறம் நியாயம். சக்கரங்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்கும், ஒட்டுவதற்கு முன்பே பெயிண்ட் அடித்துவிடுங்கள். ஸ்டீயரிங் வழக்கத்துக்கு மாறாக ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். அது பெட்டிக்காரர் தவறு என்று நினைத்து நான் திருப்பி ஒட்டியிருந்தேன். நிஜத்திலும் அப்படித்தான்.

எம்-3-க்கு உள்ளும் புறமும் ஒரே ஆலிவ் பச்சை. டாங்குக்குள் வெள்ளை அடிப்பதைப் பார்த்து இதற்கும் வெள்ளை அடித்துவிடாதீர்கள். மேலே திறந்த வண்டி, விமானத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும். பெயிண்டில் கொஞ்சம் மங்கல் மஞ்சள் கலந்து வெளுப்பாக்கினால்தான் சின்ன உருவத்தில் நிறம் சரியாகத் தெரியும். சென்னைக் காற்றில் ஈரம் அதிகமான நாளில் லேக்கர் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். மழைக்காலத்தில் நான் ஸ்ப்ரே எடுப்பதே இல்லை. டெகல் தாள் (வண்டியில் ஒட்டும் எண், சின்னங்கள் அச்சடித்த தாள்) மஞ்சளாகியிருந்தால் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிச் சில நாள் வெயிலில் காட்டுங்கள், வெளுத்துவிடும். வெயிலுக்கு நமக்குப் பஞ்சமா?

முன்னால் இருக்கும் உருளை, பள்ளத்தில் மூக்கு குத்தினால் ஏறி வருவதற்காக வைத்தது. அதற்குப் பதில் 10,000 பவுண்டு இழுக்கும் வின்ச் வைத்த வண்டிகளும் உண்டு. எதுவானாலும் எல்லாப் பெயிண்டும் காய்ந்த பிறகு கடைசியாக ஒட்டுங்கள். கையில் முதலில் இடிபடுவது அதுதான். என் முதல் வண்டியின் உருளை இன்னும் தீப்பெட்டிக்குள் இருக்கிறது.