மறந்துபோன பழைய தமிழ்ப் படத்தைத் தேடுவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய படங்களில் ஆர்வம் உள்ளவர்களில் பலர் யூடியூபில் பெயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். கிடைக்கவில்லை என்றால் தேடலை அத்துடன் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு படம் ஓடிய காலத்தில் அது கொட்டகைக்குள் மட்டும் இருக்கவில்லை. பாட்டுப் புத்தகமாக, இசைத்தட்டாக, பத்திரிகை விளம்பரமாக ஊரெல்லாம் பரவிக் கிடந்தது. முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ இன்று நம்மிடம் இல்லை. ஆனாலும் அது 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது, எச்.எம்.ரெட்டி இயக்கினார், டி.பி.ராஜலட்சுமி நடித்தார், தமிழோடு தெலுங்கும் அதில் பேசப்பட்டது என்பதெல்லாம் தெரிகிறது. இத்தனையும் காகிதம் காப்பாற்றிக் கொடுத்தவை. ஆகவே காகிதத்தில் தொடங்கிப் படத்துக்குப் போக வேண்டும் என்பதே என் கட்சி.

படி 1: ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

எடுத்த எடுப்பிலேயே பிரதி அழிந்துபோன படத்தில் இறங்க வேண்டாம். தடயங்கள் நிறைய உள்ள ஒரு படத்தில் கை பழகட்டும். நான் சிபாரிசு செய்வது கே.சுப்ரமணியம் இயக்கிய ‘தியாகபூமி’ (1939). கல்கி எழுதிய இந்தக் கதை, படம் தயாராகிக்கொண்டிருந்தபோதே ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஓவியங்களுக்குப் பதிலாகப் படத்தின் காட்சிகளையே அச்சிட்டார்கள். சம்பு சாஸ்திரியாகப் பாபநாசம் சிவனும் சாவித்திரியாக எஸ்.டி.சுப்புலட்சுமியும் நடித்தார்கள். விடுதலைப் போராட்டத்துக்கு ஆதரவான படம் என்று பிரிட்டிஷ் ஆட்சி தடை விதித்தது. கதை நூலாகக் கிடைக்கிறது, காட்சிகள் விகடனின் பக்கங்களில் இருக்கின்றன, பிரதி புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பழகுவதற்கு இதைவிடத் தோதான படம் எனக்குத் தெரியவில்லை.

படி 2: பெயர், ஆண்டு, எழுத்து

ஒரே பெயரில் பல படங்கள் வந்திருக்கின்றன. ‘அம்பிகாபதி’ என்று தேடினால் 1957 இல் சிவாஜி கணேசன் நடித்த படம் முன்னால் வந்து நிற்கும், எம்.கே.தியாகராஜ பாகவதரின் 1937 படம் அதன் நிழலில் மறைந்துவிடும். ‘உன்னைப்போல் ஒருவன்’ என்றால் கமல்ஹாசனின் 2009 படம் வரும். ஜெயகாந்தன் இயக்கிய 1965 படத்தைத் தேடுகிறவர் ஆண்டையும் சேர்த்துத் தட்ட வேண்டும். ஆண்டைச் சரிபார்க்க ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்த ‘சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு’ கையருகில் இருப்பது நல்லது. ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதும் குறித்துவைத்த உழைப்பு அது.

எழுத்திலும் கவனம் வேண்டும். அந்தக் காலத்தில் ‘ஸீதா’, ‘ஸ்ரீநிவாஸ’ என்று கிரந்த எழுத்துகளோடு அச்சிடுவது சாதாரணம். இரண்டு விதமாகவும் தேடுங்கள். 

படி 3: பாட்டுப் புத்தகத்தைப் பிடியுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. கொட்டகை வாசலில் அணாக் கணக்கில் விற்ற மெல்லிய புத்தகம். அட்டையில் நட்சத்திரத்தின் படம். உள்ளே நடிகர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள், கதைச் சுருக்கம், பிறகு பாடல்கள். முப்பதுகளில் வந்த புத்தகங்களில் பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் இருக்கும். எந்தப் பாத்திரம் பாடுகிறது என்பதும் இருக்கும். கதை நெருக்கடியான கட்டத்துக்கு வந்ததும் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நின்றுவிடும். பிரதி அழிந்துபோன படங்களுக்கு அந்த மீதி இனிக் கிடைக்காது என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

புத்தகத்தை மேலோட்டமாகப் புரட்டாதீர்கள். பின்னட்டையில் அச்சகத்தின் பெயர், விநியோகஸ்தர் பெயர், இசைத்தட்டு விளம்பரம் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து எங்கே தேட வேண்டும் என்பதை அவை சொல்லும்.

எங்கே கிடைக்கும்? சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போங்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த தொகுப்பே அதன் அடித்தளம்; பாட்டுப் புத்தகங்களும் சினிமா இதழ்களும் அங்கே இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இதழ்களை வீட்டிலிருந்தபடியே படிக்கலாம். ஈழத்துப் படங்களைத் தேடுகிறவர்கள் ‘நூலகம்’ (noolaham.org) என்ற இணையதளத்தைப் பார்க்க வேண்டும். சென்னையின் மூர் மார்க்கெட் 1985 இல் எரிந்துபோன பிறகு பழைய புத்தகக் கடைகள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. திருவல்லிக்கேணியின் ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் கடைகளையும் விட்டுவிடாதீர்கள். கடைக்காரரிடம் உங்களுக்கு வேண்டிய பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பொறுமையாக இருந்தால் ஒருநாள் எடுத்து வைத்திருப்பார்.

படி 4: பாட்டைக் கேளுங்கள்

படம் போனாலும் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டு பிழைத்திருக்கலாம். இணையத்தில் படத்தின் பெயரைவிடப் பாட்டின் முதல் அடியைக் கொடுத்துத் தேடினால் பலன் அதிகம். அந்த அடிகள்தான் பாட்டுப் புத்தகம் மூலம் உங்கள் கைக்கு வந்துவிட்டனவே. இலங்கை வானொலியின் நிகழ்ச்சிகளை ஒலிநாடாவில் பதிந்து வைத்த ரசிகர்களிடமும் கேட்டுப் பாருங்கள். 

படி 5: கிடைத்த வீடியோவை அளந்து பாருங்கள்

வீடியோ கிடைத்துவிட்டது என்று உடனே மகிழ வேண்டாம். முழுப்படமா என்று பாருங்கள். தொலைக்காட்சிக்காகவும் கேசட்டுக்காகவும் வெட்டிய பிரதிகளே பெரும்பாலும் வலம்வருகின்றன. எழுத்துப் போடும் பகுதியையே வெட்டியிருப்பார்கள். சிறு வேடக்காரர்களின் பெயர்கள் அதோடு போய்விடும்.

இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. பேசும்படத்தில் 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். தணிக்கைச் சான்றிதழிலோ பழைய விமர்சனத்திலோ நீளம் 18,000 அடி என்று இருந்தால், 90 ஆல் வகுங்கள்: 200 நிமிடம். உங்கள் வீடியோ 140 நிமிடம்தான் என்றால் ஒரு மணி நேரப் படம் காணோம். வீடியோவுக்கு மாற்றும்போது வினாடிக்கு 24 சட்டத்துக்கு (ஃபிரேம்) பதில் 25 ஓடவிட்டிருந்தால் நேரம் நான்கு சதவீதம் குறையும், அதை அந்த 200 நிமிடத்திலிருந்து கழித்துவிட்டு ஒப்பிடலாம். பாட்டுப் புத்தகத்தின் பாடல் வரிசையோடு ஒப்பிட்டால் எந்த இடத்தில் கத்தரி விழுந்தது என்பதும் தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இரண்டாம் உலகப் போரின்போது கச்சா ஃபிலிம் தட்டுப்பாட்டால், 1943 இல் படத்தின் நீளத்தை 11,000 அடிக்குள் அடக்க வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. அந்தக் காலத்துப் படம் இரண்டு மணி நேரத்தில் முடிந்தால் வெட்டுப்பட்ட பிரதி என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

படி 6: புனேக்கு எழுதுங்கள்

புனேயில் 1964 இல் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் தமிழ்ப் படங்களும் இருக்கின்றன. அதை வளர்த்தெடுத்தவர் பி.கே.நாயர். படத்தின் பெயர், ஆண்டு, இயக்குநர், தயாரிப்பு நிறுவனம், பார்க்க விரும்பும் காரணம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதிக் கேளுங்கள். இதுவரை சேர்த்த தகவல்கள் இங்கேதான் கைகொடுக்கும். வெறும் பெயரை மட்டும் அனுப்பிவிட்டு நல்ல பதிலை எதிர்பார்க்க முடியாது.

படி 7: ஃபிலிம் பெட்டி கையில் கிடைத்தால்

பழைய கொட்டகை, விநியோகஸ்தரின் கிடங்கு, நடிகர் வீட்டுப் பரண் என்று எங்கேயாவது படப்பெட்டி இருப்பதாகத் தகவல் வரலாம். ஆசையில் புரொஜெக்டரில் மாட்டி ஓட்டிப் பார்க்காதீர்கள்; காய்ந்து சுருங்கிய ஃபிலிம் கிழிந்துவிடும். 1950களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்கும். பற்றிக்கொண்டால் தண்ணீருக்கும் அணையாது. பக்கத்தில் நெருப்போ வெயிலோ கூடாது. திறந்ததும் காடி (வினிகர்) நெடி அடித்தால் அது அசிடேட் ஃபிலிம், கெடத் தொடங்கிவிட்டது என்று பொருள். மற்றப் பெட்டிகளிலிருந்து பிரித்து வையுங்கள்.

பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டையும் உட்பக்க எழுத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையாவது ரீல் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு புனே காப்பகத்துக்கோ மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனுக்கோ உடனே தெரிவியுங்கள். ஃபிலிமில் உள்ள வெள்ளிக்காக அதை உருக்க எடைக்கு வாங்குகிறவர்கள் முந்திக்கொண்டு எத்தனையோ படங்களை அழித்திருக்கிறார்கள். உரிமையாளர் விற்க நினைத்தால், காப்பகத்திலிருந்து பதில் வரும்வரை பொறுக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.