பக்கத்து மனையின் சாயில் ரிப்போர்ட்

"பக்கத்து மனைக்காரர் போன வருஷம்தான் சாயில் டெஸ்ட் எடுத்தார். அந்த ரிப்போர்ட்டையே வைத்துக்கொள்ளலாமா சார்?" வீடு கட்டப் போகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது.

கூடாது. சென்னை மாதிரி ஊரில் கூடவே கூடாது. வள்ளுவர் கோட்டம் நிற்கும் இடம் ஒரு காலத்தில் நுங்கம்பாக்கம் ஏரி. தி.நகரே மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுந்த பேட்டை. பழைய ஏரிக்கரை உங்கள் மனைக்குக் குறுக்கே ஓடியிருந்தால் ஒரு பாதி கெட்டி மண், மறுபாதி பத்தடிக்குச் சேறு. இரண்டும் ஒரே அளவில் இறங்காது. ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி ஏறும் விரிசல் பெரும்பாலும் இதனால்தான். மண்ணைச் சோதிக்கத் துளை, அதாவது போர், போடுவதற்கு முன்னால் விஏஓவிடம் போய் அ-பதிவேட்டையும் (நிலம் என்ன வகை என்று எழுதியிருக்கும் வருவாய்த்துறைப் பதிவேடு) பழைய கிராம வரைபடத்தையும் பாருங்கள். தெருப் பெயரையும் கவனியுங்கள். ஏரிக்கரைத் தெரு என்று சும்மா பெயர் வைத்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது, அரைகுறை சோதனை. 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டு அடித்து, குழாய் மண்ணுக்குள் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி ஆனது என்று எண்ணுவதுதான் எஸ்பிடி (ஸ்டாண்டர்ட் பெனட்ரேஷன் டெஸ்ட்), மண் எவ்வளவு கெட்டி என்று பார்க்கும் சோதனை. அதற்கு முந்தைய 15 செ.மீ. கணக்கில் வராது, தோண்டும்போது கலைந்த மண் அது. அதையும் சேர்த்து எழுதுபவர்கள் உண்டு. எண்ணாமலேயே எழுதுபவர்களும் உண்டு. ஒரு ரிப்போர்ட்டில் மூன்று போர்களுக்கும் எல்லா ஆழத்திலும் ஒரே எண்களைப் பார்த்திருக்கிறேன். மண் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. டீக்கடையில் உட்கார்ந்து நிரப்பிய படிவம் அது.

ஆழத்திலும் கஞ்சத்தனம் ஆகாது. அஸ்திவாரத்தின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆழமாவது அதற்குக் கீழே பார்க்க வேண்டும். 15 மீட்டர் அகல ராஃப்ட் (கட்டடம் முழுவதையும் தாங்கும் ஒரே கான்கிரீட் பலகை) போடப்போகும் இடத்தில் ஆறு மீட்டரோடு போரை நிறுத்தினால், ஒன்பதாவது மீட்டரில் இருக்கும் இளகிய களிமண் தெரியவே தெரியாது. கட்டடம் எழுந்த பிறகு வருஷக்கணக்கில் மெல்ல அமுங்கித் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

கரிசல் மண்ணுக்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. சலித்துக் காயவைத்த மண்ணில் பத்துப் பத்து கிராம் எடுத்து இரண்டு 100 மி.லி. அளவுச் சாடிகளில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி ஒரு நாள் விடுங்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. அதில் 10 மி.லி. நிற்கும் மண் தண்ணீரில் 16 மி.லி.க்கு ஏறினால் 60 சதவீத உப்பல். 50ஐத் தாண்டினாலே உஷாராக வேண்டும், ஆழமில்லாத தூண் அடித்தளத்தை (ஃபுட்டிங்) மண் மழைக்கு மழை தூக்கி இறக்கும். அடியில் குமிழ் போல விரிந்த, மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூணான அண்டர்ரீம் பைலை இந்த மண்ணுக்காகத்தான் போடுகிறார்கள்.

கோடையில் எடுத்த ரிப்போர்ட்டை மட்டும் நம்பிச் சம்ப் (தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி) கட்டுவது இன்னொரு தவறு. மே மாதத்தில் போர் போட்டால் "நீர்மட்டம் காணப்படவில்லை" என்று எழுதிவிடுவார்கள். நவம்பரில் தண்ணீர் தரைமட்டத்துக்கு வந்து நிற்கும். 3 மீட்டருக்கு 3 மீட்டர், 2.5 மீட்டர் ஆழமுள்ள சம்பை அந்தத் தண்ணீர் 22.5 டன் விசையோடு மேலே தள்ளும். 15 செ.மீ. கனக் கான்கிரீட்டில் கட்டியிருந்தால் சம்பின் எடை 16 டன் சொச்சம்தான். கழுவுவதற்காக அந்த நேரம் பார்த்துக் காலி செய்தால் படகு மாதிரி எழும்பப் பார்க்கும்.

நஞ்சேறிய நிலத்துக்கு வந்தால் தவறுகள் இன்னும் நுணுக்கமானவை. ஐந்து இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து ஒற்றைச் சாம்பிளாக ஆய்வகத்துக்கு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. நஞ்சின் அளவு நான்கு இடத்தில் 10, ஓரிடத்தில் 900 என்றால் சராசரி 188. அந்த 900 எங்கே என்று யாருக்கும் தெரியாது. உடனே தோண்டி அள்ள வேண்டிய மூலை அதுதான்.

நிலத்தடி நீரில் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்கப் போடும் கண்காணிப்புக் கிணற்றில், தண்ணீர் உள்ளே வரத் துளைகள் போட்ட குழாயை எந்த ஆழத்தில் வைக்கிறோம் என்பதையும் பலர் யோசிப்பதில்லை. தண்டையார்பேட்டையில் குழாய்க் கசிவால் போர்வெல் தண்ணீரில் எண்ணெய் வந்த கதை ஊரறிந்தது. பெட்ரோலும் டீசலும் நீர்மட்டத்தின் மேல் மிதப்பவை. துளைகள் நீர்மட்டத்துக்குக் கீழே தொடங்கினால் மிதக்கும் எண்ணெய் கிணற்றுக்குள் வராது, ரிப்போர்ட் "சுத்தம்" என்று சொல்லும். உலோகத்தில் எண்ணெய்ப்பிசுக்கு நீக்கும் குளோரின் கரைப்பான்கள் நேரெதிர், மூழ்கிப்போய் அடிக் களிமண் மேல் தேங்கும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புப் பாறையில் இந்தக் கணக்கும் பொய்க்கும். அங்கே தண்ணீர் பாறைப் பொந்துகள் வழியே ஓடுகிறது. அந்தப் பக்கத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கண்டபோது எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று சொல்வது அவ்வளவு சுலபமாக இல்லை.

தண்ணீரை இறைத்துச் சுத்திகரிக்கும் திட்டங்களில், அளவு குறைந்ததும் பம்பை நிறுத்திவிட்டு விழா எடுத்துவிடுவார்கள். களிமண்ணுக்குள் ஊறியிருந்த நஞ்சு அப்புறம் மெல்லத் திரும்பிக் கசியும். நிறுத்திய பிறகும் குறைந்தது ஒரு வருஷமாவது மாதிரி எடுத்தால்தான் உண்மை தெரியும்.

குப்பை மேட்டைச் சுற்றுச்சூழல் விவகாரமாக மட்டும் பார்ப்பதும் தவறு. அதுவும் சரிந்து விழக்கூடிய ஒரு மேடுதான். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லவில் குப்பைமேடு வீடுகள் மேல் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எவ்வளவு உயரம், என்ன சாய்வு, உள்ளே எவ்வளவு தண்ணீர், அடிமண் தாங்குமா என்பவை அணைக்கட்டுக்குக் கேட்கும் அதே கேள்விகள்.

அஸ்திவாரக்காரரும் மாசு நிபுணரும் பேசிக்கொள்ளாத இடத்தில் நடக்கும் இன்னொன்றும் உண்டு. மேலே நஞ்சு, நடுவே களிமண், கீழே நல்ல நீர் என்று இருக்கும் நிலத்தில் களிமண்தான் மூடி. ராணிப்பேட்டை குரோமியக் கழிவு மேட்டைப் போன்ற இடங்களில், சோதனைக்காகப் போட்ட போர் களிமண்ணைத் துளைத்துக்கொண்டு போய்விட்டால் குரோமியம் கலந்த மஞ்சள் தண்ணீர் கீழிறங்க நாமே வழி போட்டுக் கொடுத்தது போல. வேலை முடிந்த கையோடு பெண்டோனைட் (தண்ணீர் பட்டால் உப்பும் ஒருவகைக் களிமண்) கலந்த சிமென்ட் குழம்பை அடியிலிருந்து மேலே நிரப்பிக்கொண்டு வர வேண்டும். கொட்டேஷன் வந்ததும் இதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது, கேட்டு எழுதி வாங்குங்கள்.